சரித்திரம் அண்ணாச்சியின் கேரல் ரவுண்ட்ஸ்

பத்திரிகையில் எழுதுகிற அளவுக்கு நான் படித்தவள் இல்லை. பத்தாவதோடு தேயிலைக் கொழுந்துக்கூடையைத் தூக்கியவள். நாலு பேர் நின்றால் அந்தப் பக்கம் போகவே கூசுகிறவள். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதை யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். மூணாறிலிருந்து மறையூர் வரைக்கும் ஒருவர் விடாமல் நிற்க வைத்து அறுத்த மனிதர் என்றால் அது எங்கள் சரித்திரம் அண்ணாச்சி ஒருவர்தான்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். தேயிலை ஃபேக்டரி பாய்லரில் விறகு தள்ளுவது வேலை. டிசம்பர் பிறந்தால், வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் எங்கள் சபையின் கேரல் குழுவில் வந்து நின்றுவிடுவார். பாட மாட்டார். பாடினால் லாரி மேடேறுவது போல் இருக்கும். அது அவருக்கே தெரியும். அவர் செய்வது வேறு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும், பாட்டு தொடங்குமுன், அந்தப் பாட்டை எழுதியவர், மெட்டுப் போட்டவர் இரண்டு பேருடைய வாழ்க்கையையும் பிறப்பிலிருந்து சொல்வார்.

"யாரு எழுதுனதுன்னு தெரியாமப் பாடுறது, யாரு வீடுன்னு கேக்காம உள்ள போயிச் சாப்புடுத மாதிரி" என்பார். நாங்கள் பனியில் நிற்போம். உள்ளே எங்களுக்குப் போட்ட பாலில்லாக் கட்டன்சாயா ஆறிக்கொண்டிருக்கும்.

அவருடைய படிப்பெல்லாம் ஒரே புத்தகம். ஆயிரத்து எண்ணூறுகளில் வெள்ளைக்கார தேசங்களில் கிறிஸ்துமஸ் பாட்டுக் கட்டியவர்களைப் பற்றியது. சபை அலமாரியில் கிடந்ததை எடுத்துப் போயிருந்தார். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் கரையான் தின்ற ஓட்டை. அதனால் அதில் வருகிறவர்கள் பிறப்பார்கள், உடனே சாவார்கள். இடையில் உள்ள வாழ்க்கையை அண்ணாச்சி கைச்சரக்காகப் போடுவார். அந்தச் சரக்கு எஸ்டேட்டைத் தாண்டாது. இங்கிலாந்துப் பாதிரியார் காலையில் பேர் கூப்பிடும் மஸ்டருக்குப் பிந்தி வந்து கங்காணியிடம் திட்டு வாங்குவார். ஜெர்மனி ஆர்கன்காரரை அட்டை கடிக்கும்.

"ஜெர்மனியில அட்டை உண்டுமா அண்ணாச்சி?" என்று ஒருமுறை டிரம் அடிக்கிற டிரைவர் செல்வம் கேட்டார்.

"குளிரு உண்டுல்லா? மழை உண்டுல்லா? பெறவு அட்டை மட்டும் லீவுலயா வே போயிருக்கும்?"

முடிவு எல்லோருக்கும் ஒன்றுதான்: வறுமை, இருமல், சாவு. அதற்கு அண்ணாச்சி ஒரு நிமிஷம் கண்ணை மூடி நிற்பார். நாற்பது வீடு போக வேண்டிய நாளில் ஒன்பது வீடு முடிப்போம்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இது போதாதென்று ஃபிளெக்ஸ் அடிக்கக் கிளம்பினார். புத்தகத்திலிருந்த ஒரு தாடிக்காரரைச் செல்போனில் படம் எடுத்து, பிறந்த வருஷம், இறந்த வருஷத்தோடு டவுன் கடைக்கு அனுப்பினார். படத்தோடு இரண்டு வருஷமும் வந்தால் அந்தக் கடைக்காரருக்கு ஒரே டிசைன்தான் தெரியும். கறுப்புப் பட்டையும் மெழுகுவர்த்தியுமாக 'கண்ணீர் அஞ்சலி' எங்கள் சபைக் கோயில் வாசலில் வந்து தொங்கியது. வருஷத்தை யார் வாசித்தார்கள்? கொழுந்துக்குப் போன பெண்கள் தாடியைத்தான் பார்த்தார்கள்.

"ஏத்தா, இது பழைய துரைல்லா!"

"எந்தத் துரை?"

"எங்க அம்மைக்குக் கம்பளி குடுத்த துரைடி. எம்புட்டு நல்ல மனுசன்!"

பத்து மணிக்குள் மூன்று மாலை விழுந்தன. எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் துக்கம் என்று நட்சத்திர விளக்குகளை அணைத்துவிட்டார்கள். அண்ணாச்சி ஓடிவந்து விளக்கம் சொன்னார். அதாவது, தாடிக்காரரின் முழு வாழ்க்கையையும் சொன்னார். அதுவரை அழாதவர்களும் அழுதார்கள்.

சபைக் கமிட்டி கூடியது. "இனி எந்த வாசல்லயாவது நின்னு ஒரு சரித்திரம் சொன்னீருன்னா, குழுவுல உமக்கு எடமில்ல வே" என்றார் செயலாளர்.

அண்ணாச்சி சரியென்று தலையாட்டினார். வீட்டில் அவருக்கு ஆளில்லை. மனைவி போய் ஒன்பது வருஷம். வருஷத்தில் இந்தப் பத்து நாள்தான் அவர் பேசுவதை நாலு பேர் நின்று கேட்பது. அவருக்குக் கிறிஸ்துமஸ் என்றால் அந்தப் பத்து நாள்தான்.

போன டிசம்பரில் அவர் வாயைக் காவல் காக்க என்னைப் போட்டார்கள். வாயே திறக்காதவள்தான் அதற்குச் சரி என்றார்கள். எட்டு நாள் மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். வாசலில் உதடு அசையும். நான் தொண்டையைச் செருமுவேன். "சரி தங்கச்சி, சரி" என்பார்.

ஒன்பதாம் நாள் கீழ் லயம், தொழிலாளிகளின் வரிசை வீடுகள். அங்கே ரோஸ்லின் அக்கா வீடு. மழைக்காலத்தில் அவள் மகள் மஞ்சள்காமாலையில் போயிருந்தாள். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் கட்ட மாட்டார்கள். கேரல் குழுவும் டிரம்மை நிறுத்தி, தலை குனிந்து கடந்துவிடும். அது எங்கள் வழக்கம். அப்படியே கடந்தோம். திரும்பிப் பார்த்தால் அண்ணாச்சியைக் காணோம். அக்கா வாசலில் நின்று ஆரம்பித்துவிட்டார்.

நான் ஓடினேன். "அண்ணாச்சி, குழுவுலருந்து பேரை அடிச்சிருவாங்க."

"அடிக்கட்டும் தங்கச்சி."

அவர் சொன்னது ஒரு மெட்டுக்காரரின் கதை. அவருக்கு ஒரே மகள். காய்ச்சலில் போய்விட்டாள். அவர் ஆர்கனைப் பூட்டிச் சாவியைத் துணிப்பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டார்.

ரோஸ்லின் அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "பெறவு என்ன செஞ்சாரு?"

இந்த இடத்தில்தான் மஸ்டரும் அட்டையும் வரும். நான் காத்திருந்தேன்.

"அதைக் கரையான் தின்னுட்டு தாயி. எனக்குத் தெரியாது" என்றார் அண்ணாச்சி. கொஞ்சம் நின்று, "ஆனா அதுக்குப் பெறவு போட்ட பாட்டு ஒண்ணு இருக்கு. அப்ப என்னைக்கோ ஒரு நாள் தெறந்திருக்காரு" என்றார்.

அக்கா கதவை விட்டுவிட்டு வெளியே வந்தாள். பிறகு, "அதைப் பாடச் சொல்லுங்க" என்றாள்.

டிரம் இல்லாமல் பாடினோம். அவள் படியில் உட்கார்ந்து கடைசி வரி வரை கேட்டாள். செயலாளர் பாதையில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீதி லயத்துக்கு அன்று போக முடியவில்லை.

மறுநாள் கமிட்டி கூடி அண்ணாச்சியின் பெயரை அடித்தது. சாயங்காலம் கேரல் மேல் டிவிஷனுக்குப் போனது. எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். காய்ச்சல் இல்லை.