நாரண்ணனின் ரத்த ஓட்டம்

தண்ணீரே படாமல் குளிக்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் தினமும் பார்த்தேன், டிக்கெட் வாங்காமலே.

இராஜபாளையம் முழுக்கச் சலித்தாலும் தன் தோல்மேல் இவ்வளவு காதல் வைத்த இன்னொரு மனுஷன் சிக்கமாட்டார். எனக்குப் பக்கத்து ரூம். ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். சொந்தப் பெயர் அவருடைய ஆதார் கார்டுக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் நாரண்ணன். காரணம், நீளக் கைப்பிடி போட்ட ஒரு கற்றாழை நார் பிரஷ்.

மில்லிலிருந்து வரும்போது தலை முதல் கால் வரை பஞ்சு ஒட்டி, கிழிந்த தலையணை மாதிரி வருவார். நேராக மொட்டை மாடி. ஒரு ஷார்ட்ஸ், ஒரு பிரஷ். சர்ர்... சர்ர்... தெரு நாய்கள்கூட முதல் வாரம் குரைத்துப் பார்த்துவிட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டன.

"குளிக்கதுக்கு முன்னாடி காஞ்ச ஒடம்புல தேய்க்கணும்லே. பாதத்துல ஆரம்பி. கீழருந்து மேல, எப்பவும் நெஞ்சப் பாத்து. அழுத்தக் கூடாது. செத்த தோலு உதிரும், ரத்த ஓட்டம் ஜிவ்வுன்னு ஏறும்."

"அண்ணே, மாடு தேய்க்க மாதிரி இருக்குண்ணே."

"மாட்டப் பாருலே, எம்புட்டு மினுமினுப்பு! இப்ப ஒன் மூஞ்சியப் பாரு."



ஒருமுறை அய்யனார் கோவில் அருவிக்குப் போனோம். ஊரே தண்ணீருக்குள் கத்திக்கொண்டிருக்க, இவர் மட்டும் ஒரு துளி மேலே படாமல் பாறையில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்து நின்ற பெரியவர் ஒருவர் பயபக்தியோடு கேட்டார்: "இது என்ன நேர்த்திக்கடன் தம்பி?" நாரண்ணன் அவருக்கும் முதுகைத் தேய்த்துவிட்டார். பெரியவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இப்படிப்பட்டவருக்குப் பெண் கிடைப்பது லேசா? ஒரு வரன், இவர் போனில் எடுத்த எடுப்பிலேயே, "ஒங்களுக்கு வறண்ட தோலா, எண்ணெத் தோலா?" என்று கேட்டதில் போனது. இன்னொன்று, வருங்கால மாமனாரின் முழங்கையை உற்றுப் பார்த்து "ச்சு ச்சு" கொட்டியதில் போனது.

மூன்றாவதாக வந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் வரன். பெண்ணின் பெயர் கோமதி. அப்பா வீட்டோடு சேர்த்துப் பால்கோவாக் கடை வைத்திருந்தார். அக்கா தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "இதுவும் தட்டிப்போச்சுன்னா இனி நான் பாக்க மாட்டேன். நீ அந்தப் பிரஷ்ஷையே கட்டிக்கோ."

நாரண்ணன் போட்டோவை என்னிடம் காட்டினார். "எல்லாரும் போட்டோவுல பல்லக் காட்டுவாக. இந்தப் புள்ள சிரிக்கவே இல்ல பாத்தியா? ஏதோ யோசிச்சுக்கிட்டே நிக்கு. எனக்குப் பிடிச்சிருக்குலே." காதுமடல் சிவந்திருந்தது. பிரஷ் படாத இடம் அது.

அதனால் எனக்கு ஒரு டியூட்டி. பெண் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார வேண்டும். 'பிரஷ்' என்று வாயெடுத்தால் காலில் மிதிக்க வேண்டும். அக்காவின் உத்தரவு. கூலி, வயிறு முட்டப் பால்கோவா.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மாடியிலிருந்து சர்ர் சத்தத்தோடு ஆனந்தக் கூச்சல் ஒன்றும் கேட்டது. "ஏலே, இன்னைக்கு ரத்த ஓட்டம் பிரமாதம்லே! ஒடம்பெல்லாம் சும்மா தீயா இருக்கு!"

அடுத்து குளிக்கப் போனார். உள்ளேயிருந்து வந்த அலறலில் ரத்த ஓட்டம் இல்லை.

நான் மாடிக்கு ஓடி பிரஷ்ஷை எடுத்து முகர்ந்தேன். வரிசையாகத் தும்மல். பெண் பார்க்கப் போவதற்காகப் பிரஷ்ஷைக் கழுவி, முந்தின நாள் தேய்க்காமலே வெயிலில் வைத்திருந்தார். அதே மாடியில்தான் ஹவுஸ் ஓனரம்மா மிளகாய் வத்தல் காயப்போட்டிருந்தார்.

"அது ஒங்க அண்ணனோடதா?" ஓனரம்மா கன்னத்தில் கை வைத்தார். "நீளமா கைப்பிடி இருந்துச்சா, குனிய வேண்டாம்னு வத்தலை அதாலதான்பா தள்ளிவிட்டேன். நேத்துப் பூரா!"

வாசலில் அக்காவின் கார் ஹாரன். சோப்பு, பவுடர் எதற்கும் எரிச்சல் அடங்கவில்லை. "வாயத் தொறக்காதலே, அக்கா அழுதுருவா" என்றபடி நாரண்ணன் பட்டு வேட்டியோடு ஏறினார். வன்னியம்பட்டி தாண்டுவதற்குள் வியர்வையும் சேர்ந்துகொண்டது. மனுஷன் சீட்டில் உட்காரவில்லை, மிதந்துகொண்டு வந்தார்.

பெண் வீட்டு நாற்காலியில் அவர் நெளிந்த நெளிவு இருக்கிறதே! முகம் தக்காளி. மூக்கில் சொட்டு.

"மாப்ளைக்கு முடியலையா?" என்றார் கோமதியின் அப்பா.

"கூச்ச சுபாவம். சின்ன வயசுலருந்தே அப்படித்தான்" என்றாள் அக்கா.

நான் எதற்கும் இருக்கட்டும் என்று ஒருமுறை மிதித்து வைத்தேன். ஏற்கெனவே எரிகிற கால். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

'ரெண்டு பேரும் தனியா செத்த நேரம் பேசட்டும்' என்று முற்றத்துக்கு அனுப்பினார்கள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான். கால் எட்டவில்லை.

"ஒங்களுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கலையா?" என்று கோமதி கேட்டது காதில் விழுந்தது. "பிடிக்கலைன்னா சொல்லிருங்க. வந்ததுலருந்து எப்படா எந்திரிச்சு ஓடலாம்னு இருக்கீக."

எனக்குத் தெரியும், அவர் இரண்டு பக்கமும் எரிந்துகொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் வரன் போய்விடும். சொல்லாவிட்டால் பிடிக்கவில்லை என்று அர்த்தமாகிவிடும்.

"ஐயோ, ரொம்பப் பிடிச்சிருக்குங்க. நான் ஒடம்பெல்லாம் பிரஷ் போடுற ஆளு. அதுல வத்தப்பொடி ஒட்டியிருந்துச்சு. காலைலருந்து வெந்துக்கிட்டு இருக்கேன்."

உள்ளே அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

முற்றத்தில் ஒரு சிரிப்பு வெடித்தது. போட்டோவில் மிச்சம் பிடித்து வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துச் சிரித்தாள் கோமதி. சிரித்து முடித்த கையோடு குரல் மாறியது.

"யப்பா! அந்தப் பால் கேன எடுத்துட்டு வாங்க. காய்ச்சாத பாலு!"

"அது கோவாக்கு வச்ச பாலும்மா!"

"கோவா நாளைக்குக் கிண்டலாம்பா. மாப்ள இன்னைக்கு வேகுதாரு!"

மாப்ள என்றதும் அக்கா கண்ணைத் திறந்தாள்.

கொல்லையில் நாரண்ணன் துண்டோடு உட்கார, வருங்கால மாமனார் செம்பு செம்பாக ஊற்றினார். "இப்ப எப்படி இருக்கு மாப்ள?" "குளுகுளுன்னு இருக்கு மாமா." என் பால்கோவா மொத்தமும் அவர் முதுகு வழியாகச் சாக்கடைக்குப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கல்யாணம் முடிந்து நாரண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரோடு போய்விட்டார். ரூமைக் காலி செய்த அன்று ஒரு புதுப் பிரஷ்ஷை என் கையில் திணித்தார். "வத்தல் பக்கம் வைக்காத. நெஞ்சப் பாத்துத் தேய்லே, என்ன?" நான் அதைக் கட்டிலுக்கு அடியில் எறிந்துவிட்டேன்.

பக்கத்து ரூமுக்கு இப்போது ஒரு பேங்க்காரர் வந்திருக்கிறார். ஷவரில் குளிக்கிறார், கதவைச் சாத்திக்கொள்கிறார், சத்தமே கிடையாது. சாயங்காலம் ஆனால் மாடி என்னவோ போல இருக்கிறது. இன்று கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன்.

முழங்கால் வரைக்கும் தேய்த்துவிட்டேன். இன்னும் தொடை, வயிறு, கை பாக்கி.