முப்பத்திரண்டு அணிகளும் ஒரு பழனிவேலும்

பெரிய மனிதர்கள் உலகத்தில் குறைவு. ஆனால் அந்தப் பெரிய மனிதர்களை ஊருக்கு முன்பே கண்டுகொண்டவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? ஒரு பாடகி பேரெடுத்தால், அவர் யாரோ வீட்டுக் கல்யாணத்தில் மைக் இரைச்சலுக்கு நடுவே பாடிய அன்றே நம்மவர் முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போட்டிருப்பார். ஒரு ஹோட்டலில் கூட்டம் அலைமோதினால், அது தள்ளுவண்டியாக இருந்த காலத்திலேயே நின்றுகொண்டு சாப்பிட்டுவிட்டு, "இவன் எங்கேயோ போகப்போறான்" என்று வாக்குச் சொல்லியிருப்பார். 'அப்பவே சொன்னவர்' என்று இந்த இனத்துக்குப் பெயர் வைக்கலாம். அப்போது யாரிடம் சொன்னார்? அதைக் கேட்கக் கூடாது.

ஆக்லாந்தில், சான்ட்ரிங்ஹாம் சாலையிலிருந்து இரண்டு திருப்பம் தள்ளிக் குடியிருக்கும் பழனிவேல் இந்த இனத்தில் முதல்தரம். வயது நாற்பத்தொன்று. ஊர் ஈரோடு. பென்ரோஸில் ஒரு பெரிய கிடங்கில், சரக்கு அனுப்பும் பிரிவுக்கு மேலாளர். அவர் கண்டுகொண்ட பெரிய மனிதரின் பெயர் கார்வின் டப்ஸ். அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறவர்.

ரக்பியைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்காத ஊரில் இருந்துகொண்டு எதற்கு அமெரிக்க ஆட்டம் என்று நீங்கள் கேட்கலாம். கேட்டால் தொலைந்தீர்கள். எதிரணியில் பந்தை எறிகிறவர் ஒருவர் இருப்பார், அவருக்கு முன்னால் தலைக்கு நூற்றைம்பது கிலோவில் ஐந்து பேர் மதிலாக நிற்பார்கள், அந்த மதிலைச் சுற்றியோ பிளந்தோ பாய்ந்து, பந்து கையை விட்டுப் போவதற்குள் ஆளைத் தரையில் சாய்ப்பதுதான் டப்ஸின் தொழில் என்று பழனிவேல் ஆரம்பிப்பார். ஆரம்பிப்பதோடு நிற்பாரா? கையைப் பிடித்துச் சாப்பாட்டு மேசைக்கு இழுத்துப் போவார். ஐந்து வடைகளை வரிசையாக அடுக்குவார். வடைகளுக்குப் பின்னால் சட்னிக் கிண்ணத்தை வைப்பார். கிண்ணம்தான் பந்து எறிகிறவர். பழனிவேலின் ஆள்காட்டி விரல்தான் டப்ஸ்.

"வருஷா வருஷம் காலேஜ்ல ஆடுற பசங்களை டீமுக்கு எடுப்பாங்க. முப்பத்திரண்டு டீமு, ஏழு சுற்று, இருநூத்தம்பது பேருக்கு மேல பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. டப்ஸை? ஏழு சுற்று! ஒருத்தன் கூப்பிடலீங்க!"

இந்த 'ஒருத்தன் கூப்பிடலீங்க' வரும்போது குரல் லேசாக உடையும். எட்டு வருடமாக அதே இடத்தில்தான் உடைகிறது. அப்புறம் டப்ஸ் தானாகப் போய் ஒரு அணியின் வாசலில் நின்றது, ஆட்டத்தில் இறக்காமல் வாரம் முழுக்க மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்க மட்டும் அவரை வைத்துக்கொண்டது, மூன்று முறை வெளியே அனுப்பியது, நடுவில் டயர் கடையில் வேலை பார்த்தது, மூன்றாம் வருடம் வழக்கமான ஆட்டக்காரருக்கு முழங்கால் போனது என்று கதை நகரும். ஒரு பிறந்தநாள் விழாவில் கதை சரியாக இந்தக் கட்டத்துக்கு வந்தபோது, யாரோ ஒரு குழந்தை வந்து ஓரத்து வடையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. "பாத்தீங்களா, இப்படித்தான்! காயம்! இதுலதான் டப்ஸுக்கு வழி கெடச்சுது!" என்று பழனிவேல் பூரித்துப் போனார். விரல் சட்டென்று பாய்ந்ததில் சட்னி மீனாட்சியின் பட்டுப் புடவையில் கொட்டியது.

மீனாட்சி, மனைவி. முதியோர் இல்லத்தில் நர்ஸ். "டப்ஸுக்குப் பொண்ணு பாத்து நாமளே கட்டி வச்சிருந்தாக்கூட இவ்ளோ உரிமை வராதுங்க" என்றார் புடவையைத் துடைத்துக்கொண்டே.

மகள் வைஷாலி இங்கேயே பிறந்தவள். "டாட், ஹீ டஸின்ட் ஈவன் நோ யூ" என்பதோடு அவள் பேச்சை முடித்துக்கொள்வாள்.

கேலி இருக்கட்டும். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழனிவேல் இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம் பதினான்கு கம்பெனிகள் அவருக்குக் கடிதம் எழுதின. எல்லாம் ஒரே கடிதம். உங்கள் அனுபவம் பாராட்டத்தக்கது, ஆனால் நியூசிலாந்து அனுபவம் இல்லையே. ஈரோட்டில் இருநூறு பேரை வைத்து வேலை வாங்கியவர், புக்கெகோஹியில் வெங்காயம் தரம் பிரிக்கப் போனார். பதினான்காவது கடிதம் வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. மனைவி வேலைக்குப் போயிருந்தார். பழனிவேல் மட்டும் சோபாவில் உட்கார்ந்து, என்ன ஓடுகிறது என்றே தெரியாமல் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் ஞாயிறு மத்தியானம் நடக்கிற ஆட்டம் இங்கே திங்கள் காலையில் வரும். அதில் ஒருவன், யாருமே எடுக்காதவன், ஒரு மதிலை உடைத்துக்கொண்டு போனான். பழனிவேல் அழுதுவிட்டார். அவருக்கு டப்ஸ் எவ்வளவு வேண்டியவர் என்பது அந்தக் காலைப் பொழுது தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். எனக்குப் புரிகிறது.

அதனால்தான் மூன்றாவது வீட்டு மகேசன் ஒரு நாள் வந்து நின்றபோது பழனிவேலுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மகேசன் பஸ் ஓட்டுகிறவர். யாழ்ப்பாணத்துக்காரர். யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. அவருடைய சின்னம்மா மகள் சரோஜாதேவி கொழும்புத் துறைமுகத்தில் பதினொரு வருடம் சரக்கு அனுப்பும் பிரிவை நடத்தியவர். இங்கே வந்து, அதே புக்கெகோஹியில், அதே வெங்காயம். மார்ச் மாதத்தோடு விசா முடிகிறது. வெங்காயத்தைக் காட்டி அதை நீட்ட முடியாது. அதற்குள் படிப்புக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற வேலை கிடைக்காவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். பழனிவேலின் பிரிவில் ஒரு குழுத் தலைவர் வேலை காலியாக இருந்தது. சரோஜாதேவி விண்ணப்பம் போட்டிருந்தார்.

"வேலை தரச் சொல்லிக் கேக்கேல்லை, பழனி" என்றார் மகேசன். "ஒருக்கா வாசிச்சுப் பாரும். இஞ்சை ஒருத்தரும் வாசிக்கிறாங்களில்லை. அது காணும்."

"மகேசண்ணா! யாருகிட்ட வந்து சொல்றீங்க? டப்ஸை..."

"ஓம் ஓம். ஏழு சுற்று."

"ஒருத்தன் கூப்பிடலீங்ணா!"

"தெரியும். எனக்குப் பாடம்."

நவம்பர் மாதம், திங்கட்கிழமை. சீசன் நேரத்தில் திங்கட்கிழமைகளில் பழனிவேல் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பார். கிடங்கு வேலையை வீட்டிலிருந்து எப்படிப் பார்ப்பது என்று இதுவரை அவரிடம் யாரும் கேட்கவில்லை. காலை ஏழு மணிக்கு ஆட்டம். டப்ஸுக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. தோள்பட்டை போய், பழைய அணி கைவிட்டு, வேறொரு அணியில் ஒரே ஒரு வருட ஒப்பந்தத்தில் ஆடுகிறார். தோற்றால் சீசன் முடிந்த மாதிரி, டப்ஸும் முடிந்த மாதிரி. பழனிவேலின் மடியில் லேப்டாப். அதில் அறுபத்து மூன்று விண்ணப்பங்கள். நேர்முகத்துக்கு ஆறு பேரை மத்தியானத்துக்குள் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும்.

இரண்டாம் பாதிவரை ஒன்றையும் திறக்கவில்லை. கடைசிக் கால் பகுதி தொடங்கப்போகிற நேரத்தில், சரி, இதை முடித்துவிட்டு நிம்மதியாகப் பார்ப்போம் என்று நினைத்தார். பட்டியலில் ஒரு கட்டம் உண்டு: நியூசிலாந்து அனுபவம், எத்தனை ஆண்டு. அந்தக் கட்டத்தின் தலையில் ஒரு தட்டுத் தட்டினால் அனுபவம் உள்ளவர்கள் மேலே வருவார்கள், பூஜ்யங்கள் கீழே போகும். தட்டினார். பூஜ்யங்கள் நாற்பத்தொன்று. மொத்தமாகத் தேர்ந்தெடுத்தார். அந்த நேரம் பார்த்து வர்ணனையாளர் டப்ஸின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். ஏழு சுற்று முடியும்வரை போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த தாயின் படத்தையும் காட்டினார்கள். பழனிவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. இடது கையால் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். வலது கையால் 'நிராகரி' என்ற பொத்தானை அழுத்தினார்.

நாற்பத்தொரு கடிதங்கள் பறந்தன. பதினேழாவது சரோஜாதேவிக்கு. பெயரைப் பார்த்தாரா? பெயர்வரைக்கும் போனால்தானே!

ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம் இருக்கையில் டப்ஸ் மதிலைச் சுற்றிக்கொண்டு போய் ஆளைச் சாய்த்தார். பந்து உருண்டது. வெற்றி. பழனிவேல் சோபாமேல் ஏறி நின்றார். போன் அடித்தது. மகேசன்.

"பாத்தீங்களாண்ணா? கடைசி நிமிஷத்துல..."

"நான் ஒண்டும் பார்க்கேல்லை. தங்கச்சி தேத்தண்ணிக்கு நிக்கேக்கை போனைப் பார்த்திருக்கிறா. ஒரு கடிதம் வந்திருக்கு. எனக்கு அனுப்பியிருக்கிறா. வாசிக்கட்டோ?"

வாசித்தார். உங்கள் அனுபவம் பாராட்டத்தக்கது என்று தொடங்கியதுமே பழனிவேலுக்கு மீதி மனப்பாடமாக வந்தது. அவருக்குப் பதினான்கு முறை வந்த கடிதமாயிற்றே.

"கடைசியிலை உம்மட பேர் கிடக்கு, பழனி. ஒன்பது முப்பத்தாறுக்கு அனுப்பியிருக்கு."

"அது... சிஸ்டம் தானா அனுப்புறதுங்ணா."

"சிஸ்டத்துக்கு ஆர் சொன்னது?"

பழனிவேல் சோபாவிலிருந்து இறங்கினார். மகேசன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதிலுக்குக் கத்தியிருக்கலாம். மகேசன் சாதாரணமாகத்தான் கதைத்தார்.

"ஒண்டு கேக்கிறன், பழனி. உம்மட டப்ஸை எடுக்காமல் விட்டவங்கள் முப்பத்திரண்டு பேரெல்லே? எட்டு வருஷமாச் சொல்லுறீர், அவங்களைப் பற்றி ஒரு நாளும் சொல்லேல்லை. அவங்கள் கெட்டவங்களில்லை. அண்டைக்கு அவங்களுக்கும் ஏதோ ஒரு மட்ச் ஓடியிருக்கும்."

போனை வைத்துவிட்டார்.

டிவியில் டப்ஸைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். பழனிவேல் அதை அணைத்தார். நாற்பத்தொரு விண்ணப்பங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து வாசித்தார். மேலாளராகி மூன்று வருடத்தில் இப்படி உட்கார்ந்து வாசிப்பது இதுதான் முதல் தடவை. நாற்பத்தொன்றில் பாதிப் பேர் அவரைப் போலவே இருந்தார்கள். ஒருவர் வெங்காய வேலையைக்கூட அழகாக எழுதியிருந்தார். சரோஜாதேவியின் விண்ணப்பம் இரண்டே பக்கம். நாளுக்கு நாற்பது லாரி, வெள்ளம் வந்த வருடம்கூட ஒரு பெட்டி தவறிப் போகவில்லை என்றிருந்தது. வெட்கமாக இருந்தது அவருக்கு, நிஜமாகவே வெட்கமாக இருந்தது. தலைமை அலுவலகத்தில் ஒரு நாள் அவகாசம் கேட்டுவிட்டு, சரோஜாதேவியைப் போனில் கூப்பிட்டார். பின்னால் வெங்காய இயந்திரம் தடதடத்தது.

"தப்பு என்மேலதாங்க்கா. அந்த லெட்டரை மறந்துருங்க."

"வேலை தாறன் எண்டு சொல்லிப்போடாதேங்கோ, தம்பி. கேள்வி கேளுங்கோ. அது காணும்."

வியாழக்கிழமை சரோஜாதேவி நேர்முகத்துக்கு வந்தார். பழனிவேலும் இன்னும் இருவரும் கேள்வி கேட்பதற்கு முன்னால் அவர் ஒன்று கேட்டார்: மூன்றாவது வாசலில் மட்டும் ஏன் லாரிகள் காத்து நிற்கின்றன? மூவர் குழுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. தினமும் அந்த வாசல் வழியாகத்தான் மூன்று பேரும் உள்ளே போகிறார்கள். வேலை அவருக்குத்தான் கிடைத்தது; இரக்கத்தால் அல்ல. விசாவுக்கும் வழி பிறந்தது. நியூசிலாந்து அனுபவம் என்ற அந்தக் கட்டத்தையும் பழனிவேல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்.

ஆள் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்கள். மீனாட்சியும் அப்படித்தான் நினைத்தார்.

ஜனவரியில், பொங்கலன்று, பழனிவேல் வீட்டில் பத்துப் பேர் சாப்பிட்டார்கள். மகேசனும் சரோஜாதேவியும் வந்திருந்தார்கள். வடை வந்தது. பழனிவேலின் கை தானாக ஐந்து வடைகளை வரிசையாக அடுக்கியது. மீனாட்சி சட்னிக் கிண்ணத்தைத் தூக்கிப் பத்திரமான இடத்தில் வைத்தார்.

"அறுபத்து மூணு அப்ளிகேஷன்! இந்த அக்காவை ஒருத்தன் கூப்பிடலீங்க!" குரல் அதே இடத்தில் உடைந்தது. "நான் கூப்பிட்டேன். எவனோ ஒருத்தன் அந்த லிஸ்ட்ல நியூசிலாந்து அனுபவம்னு ஒரு கட்டம் வச்சுருக்கான் பாருங்க. அதை வச்சே நாற்பத்தொரு பேரைத் தள்ளிட்டான். பாத்தேன். தூக்கிட்டேன்!"

சரோஜாதேவி ஓரத்து வடையை எடுத்து ஒரு கடி கடித்தார்.

"ஆர் தம்பி அந்த எவனோ?"

பழனிவேலின் ஆள்காட்டி விரல் மேசைக்கு மேலே அப்படியே நின்றது. மகேசன் இரண்டாவது வடையை எடுத்துக்கொண்டு, "காயம்" என்றார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். உங்களுக்கும் ஒரு டப்ஸ் இருப்பார். ஊரே கைவிட்ட ஒருவரை நீங்கள் மட்டும் அப்போதே கண்டுகொண்ட கதை ஒன்று உங்களிடமும் இருக்கும். சொல்லும்போது ஏதோ ஒரு இடத்தில் குரலும் உடையும். அடுத்த விருந்தில் அதைச் சொல்லுங்கள், நானும் வந்து கேட்கிறேன். ஆனால் புறப்படுவதற்கு முன்னால், உங்கள் பெயரைத் தாங்கிப் போன கடிதங்களை ஒருமுறை திறந்து பாருங்கள். அந்த எவனோ அங்கேதான் கையெழுத்துப் போட்டிருப்பான்.