குழாய்ச் சாவியும் ஒரு சொல்லின் பொருளும்

ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

1. நான் ஹெட்லி ஆர்மிடேஜ், யார்க்‌ஷயரில் உயில்களும் பத்திரங்களும் எழுதி ஓய்வுபெற்ற வழக்குரைஞன்.

2. எங்கள் ஊர்த் தோட்டச் சங்க நிலத்தில் ஒரு துண்டை வாடகைக்கு வைத்திருப்பவன். காலஞ்சென்ற என் மனைவி ஈனிட் வளர்த்த மூன்று டேலியாப் பூச்செடிகள் அதில் உள்ளன.

தங்கள் மேசையில் சொற்கள் ஒழுக்கமாக இருக்கும் என நம்புகிறேன். இங்கே 'எக்விட்டபிள்' என்ற சொல் ஒழுக்கமாக இல்லை.

இந்தக் கோடையில் மழை பொய்த்தது. ரப்பர் குழாய் போட்டுத் தண்ணீர் பாய்ச்சத் தடை வந்தது. சங்கத்துக்கு ஒரே குழாய், அதற்கொரு பூட்டு. தண்ணீர்ப் பங்கீட்டு விதியை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. 'சமமாக' என்று எழுதினால் உருளைக்கிழங்குக்கும் டேலியாவுக்கும் ஒரே அளவு என்றாகும். ஆகவே, 'சூழலுக்கேற்ற நியாயத்தோடு' எனத் தாங்கள் பொருள் தந்துள்ள மேற்படி சொல்லை வைத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். சாவியைச் செயலாளர் மேவிஸ் க்ளெக்கிடம் கொடுத்தார்கள்.

மறுநாள் வாளியோடு போனேன்.

"டேலியாவைச் சமைச்சுத் திங்க முடியுமா, ஹெட்லி கண்ணு?" என்றார் மேவிஸ். "சூழலுக்கேத்த நியாயம்னு நீங்கதானே எழுதினீங்க? சாப்பாட்டுக்குத்தான் முதல்ல."

"உங்க பூசணி கண்காட்சிக்குத்தானே போகுது?"

"அது ஊர் மானம்!"

பின்னால் நின்ற பக்கத்துத் துண்டுக்காரர் நார்மன் பௌகாக், "வக்கீலய்யா, வரிசைன்னா வரிசை. முன்னாடி வந்தவனுக்கு முன்னாடி. அதுக்கு மேல நியாயம்னு ஒண்ணு இருக்கா?" என்றார். வரிசையில் நின்றேன், என் முறை வந்தது, உடனே மேவிஸ் பூட்டைப் போட்டார், டீ குடிக்கும் நேரமாம், நான் வாதாடினேன், "கோர்ட்டுக்குப் போங்களேன்"னு சிரிச்சாங்க, அந்தப் பூசணி மட்டும் குளிச்சுக் குளிச்சுப் பன்னிக்குட்டி மாதிரி ஊதிப்போச்சு. டேலியாக்களில் இரண்டு கருகிவிட்டன. மூன்றாவது தலை தொங்கி நிற்கிறது. அதுவும் போனால் ஈனிட் இங்கே இருந்ததற்கு வேறு தடயம் இல்லை.

ஆகவே, அச்சொல்லின் பொருளோடு 'குழாய்ச் சாவி வைத்திருப்பவருக்குத் தோன்றியபடி' என்பதையும் அடுத்த பதிப்பில் சேர்க்குமாறு வேண்டுகிறேன். தங்கள் அலுவலகத்தில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு வராதிருக்கட்டும்.

பின்குறிப்பு: இன்று மாலை மேவிஸ், "இந்தாங்க, உங்க நியாயத்தை நீங்களே கட்டி அழுங்க!" என்று சாவியை என்மேல் எறிந்துவிட்டார். சொல்லை மீண்டும் ஆராய்ந்தேன். தங்கள் விளக்கத்தில் குறையேதும் இல்லை. ஓரெழுத்தும் மாற்ற வேண்டாம். டேலியா நிமிர்ந்துவிட்டது.

(ஒப்பம்) ஹெட்லி ஆர்மிடேஜ்

சாட்சிகள்: மேவிஸ் க்ளெக், நார்மன் பௌகாக். இருவரும் வாளியோடு வரிசையில் நிற்கிறார்கள்.