உன் அம்மா சொன்ன தூக்கச் சாட்சி

கர்த்தருக்குள் பிரியமான மகள் இவாஞ்சலினுக்கும், இதை அவளுக்கு முன்பாகவே பிரித்துப் படிக்கப்போகும் மில் ஹாஸ்டல் வார்டன் அம்மாவுக்கும், எம்.ரெட்டியபட்டி ஷேர் ஆட்டோ ஞானராஜ் ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. இங்கு நானும் உன் அம்மா ஜெயசெல்வியும் சுகம். உன் போனைப் பூட்டிவைத்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் வார்டன் அம்மா பக்கத்தில் நின்று பேசவிடுகிறபடியால், பேச முடியாததை எழுதுகிறேன்.

பாப்பா, எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ நைட் ஷிப்டுக்கு மாறியது அதற்குக் காரணமில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணம் என்னவென்று என் ஆட்டோவில் ஏறுகிற எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் நிற்கிற சீமைக்கருவேலமரம் நிலத்துத் தண்ணியை உறிஞ்சி முடித்துவிட்டு இப்போது மனுசன் தூக்கத்தை உறிஞ்சுகிறது என்றாள் தங்கத்தாய். வெட்டினேன். முள் ஏறிக் கால் வீங்கி, அந்த வலியில் முழித்துக் கிடந்தேன். "வடக்க தலை வச்சா படுக்கீக?" என்றான் பாண்டிராஜ். கட்டிலைத் திருப்பிப் போட்டேன், தலை ஜன்னலுக்கு நேராகப் போய், வெளியே கட்டியிருந்த ஆடு என் முடியை மென்றது. டவுனு டாக்டர், "டீயக் குறைங்க, எதையும் யோசிக்காதீங்க" என்றார். யோசிக்காமல் இருக்க மாத்திரை இருந்தால் அதை ஏன் மில் முதலாளிகளுக்கு மட்டும் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். கடைசியில் உன் அம்மா என்னை உபவாச ஜெபத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பாஸ்டர் என் தலையில் கைவைத்து ஜெபித்தார், நீளமாக ஜெபித்தார், நான் முழங்காலிலேயே தூங்கிவிட்டேன். குறட்டை மைக்கில் கேட்டதாம். ஞாயிறு ஆராதனையில உங்க அம்மா எந்திரிச்சு, "எங்க வீட்டுக்காரவுகளுக்குக் கர்த்தர் தூக்கம் குடுத்தாரு"ன்னு சாட்சி சொல்லிட்டா. சபையே அல்லேலூயா போட்டுச்சு. இனி நான் ராத்திரியில கண்ணத் தொறந்தா அவ பொய்ச்சாட்சி சொன்னவளாயிருவா. அதனால அசையாமக் கெடக்கேன், கொசு கடிச்சாலும் சொறியுறதில்ல, நடுநடுவுல குறட்டை வேற விடவேண்டியிருக்கு. அவ பக்கத்துல நிம்மதியாத் தூங்குறா.

எங்களை நினைத்து வேலையை விட்டுவிட்டு வந்துவிடாதே. ஒப்பந்தம் முடியட்டும். பகலில் ஜன்னலை மூடிக்கொண்டு தூங்கு. மிஷினுக்குப் பக்கத்தில் கண்ணசந்துவிடாமல் கர்த்தர் உன்னைக் காக்கட்டும். வார்டன் அம்மாவையும் காக்கட்டும், அவசரமில்லை.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: இதை எழுதி வைத்துவிட்டுத்தான் நேற்றுப் படுத்தேன். இரண்டு குறட்டைக்கு நடுவில் என்னையறியாமல், "பிள்ளையை இந்நேரம் டீக்கு விட்டிருப்பானா" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். தூங்கிக்கொண்டிருந்த உன் அம்மா உடனே, "இப்பத்தான் விட்டிருப்பாக. இன்னைக்காவது உக்காந்து குடிக்காளோ என்னமோ" என்றாள். நீ ஷிப்டு மாறியதிலிருந்து அவளும் தூங்கவில்லையாம். நான் முழித்துவிடக் கூடாதென்று அசையாமல் கிடந்தாளாம்.

ஆகவே மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படி. வார்டன் அம்மா, ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவோடு வாரோம், பிள்ளையின் போனையும் பெட்டியையும் எடுத்து வைத்திருங்கள். பாப்பா, கட்டிலை உனக்கு விட்டிருக்கிறோம். ஆட்டுப் பக்கம் மட்டும் தலை வைக்காதே.