சான்றிதழைக் காப்பாற்றிய வாரம்

“மேசைத் தொலைபேசிகளில் வாரத்துக்கு எத்தனை அழைப்பு போகிறது? இந்த வார எண்ணிக்கை வெள்ளிக்கிழமை காலை என் மேசையில் இருக்க வேண்டும்.”

மேலாளர் லியாவ் அனுப்பிய மின்னஞ்சலை போயுவான் ஏழாவது தடவையாகப் படித்தார். அதற்குக் கீழேயே இன்னொன்று காத்திருந்தது. அவருடைய சான்றிதழ் இன்னும் பத்தொன்பது நாளில் காலாவதியாகிறதாம்.

காவ்சியுங் துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் அந்த மீன் ஏற்றுமதி நிறுவனத்தில் முந்நூற்றுப் பத்து மேசைத் தொலைபேசிகள். பதினாறு வருடமாக அத்தனைக்கும் போயுவான்தான் ஆள். அலுவலகக் குரல் வலையமைப்பு நிபுணர் என்ற சான்றிதழை மூன்று வருடத்துக்கு ஒரு முறை பரீட்சை எழுதிப் புதுப்பித்து வந்தார். இந்தத் தடவை எழுதுவதா, விடுவதா? ஒரு மாதமாக அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“எழுதித் தொலைங்களேன்” என்றாள் அவர் மனைவி யாச்சிங்.

“எழுதி? அஞ்சு வருஷம் கழிச்சு அதுக்கு மதிப்பு இருக்கணுமே!”

“மதிப்பு இருக்கோ இல்லையோ, எழுதுற வரைக்கும் நீங்க வீட்டுக்குள்ள நடந்துக்கிட்டேதான் இருப்பீங்க. வீட்ல பூனை வளர்க்கிறீங்களா, இவ்வளவு கனமா நடக்குதேன்னு கீழ் வீட்டுக்காரி கேட்டுட்டா.”

பக்கத்து இருக்கை சிஹாவிடம் கேட்டுப் பார்த்தார். முப்பது வயதுப் பொறியாளன்; வாயில் எப்போதும் ஒரு தேநீர் உறிஞ்சுகுழல்.

“மேசை ஃபோனை இப்ப யாருண்ணே தொடுறா? கணக்குப் பிரிவுல அதுமேல கள்ளிச்செடி வச்சிருக்காங்க.”

போயுவான் ஓடிப்போய்ப் பார்த்தார். மூன்று தொட்டி இருந்தது. ஒன்று பூத்தும் இருந்தது.

போன வார எண்ணிக்கையை எடுத்தார். நானூற்றுப் பன்னிரண்டு. அதில் நூற்றுத் தொண்ணூறு, பக்கத்துத் தெருக் கொழுக்கட்டைக் கடைக்குப் போகவேண்டிய ராங் நம்பர்கள். இதைக் கொண்டுபோய் லியாவிடம் நீட்டினால் தொலைபேசியைக் கழற்றுவார்கள். பிறகு தொலைபேசிக்காரனைக் கழற்றுவார்கள்.

எண்ணிக்கையை ஏற்றியே ஆக வேண்டும்.

திங்கட்கிழமை அவரே கூப்பிட ஆரம்பித்தார். முதல் மாடியிலிருந்து வரிசையாக.

“லைன் டெஸ்ட் பண்றேன். கேக்குதா?”

“கேக்குது. நல்லவேளை கூப்பிட்டீங்க! என் ஃபோன்ல எட்டு அமுக்கினா ரெண்டு எட்டு விழுது.”

“எனக்கு ஒயர் குட்டையா இருக்கு.”

“இது ஃபோனா? நான் கால்குலேட்டர்னு நினைச்சேன்.”

மதியத்துக்குள் நாற்பத்து மூன்று பழுதுப் புகார்கள் சேர்ந்தன. அவற்றைச் சரிசெய்யக் கிளம்பியதில் மேற்கொண்டு ஒருத்தரைக்கூடக் கூப்பிட முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு சின்ன நிரல் எழுதினார். இரண்டு தொலைபேசிகளை அதுவே பொறுக்கி, ஒரே நேரத்தில் இரண்டிலும் மணி அடிக்க வைக்கும். அது முதலில் பொறுக்கியது கணக்குப் பிரிவு பாவ் அக்காவையும் ஏற்றுமதிப் பிரிவு தெங்கையும். குளிர்சாதனப் பெட்டியில் காணாமல்போன ஒரு பொட்டலம் வறுத்த வாத்துக்காக மூன்று வருடமாக முகம் பார்க்காதவர்கள்.

“எதுக்குக் கூப்பிட்ட?” என்றார் பாவ்.

“நானா? நீங்கதானே கூப்பிட்டீங்க!”

“செத்தாலும் உன்னைக் கூப்பிட மாட்டேன்!”

நிரல் அந்த ஜோடியை விட்டு நகரவே இல்லை; பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இது நடந்தது. மூன்று மணிக்கு இருவரும் போயுவானின் மேசைக்கு இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள்.

“யார் முதல்ல கூப்பிட்டாங்கன்னு பதிவை எடுங்க” என்றார் பாவ்.

“எடுங்க, எடுங்க. உண்மை வரட்டும்” என்றார் தெங்.

பதிவில் இருவருக்கும் ஒரே நொடிதான் இருந்தது. அதைப் பார்த்த இருவரும் சிவந்துபோய் ஆளுக்கொரு பக்கம் நடந்தார்கள். அது கோபமா, வேறு ஏதாவதா என்று அலுவலகம் முழுக்கப் பேசிக்கொண்டது. ஆனால் அதை எல்லோரும் நேரில்தான் பேசிக்கொண்டார்கள். எவனும் ஃபோனில் பேசவில்லை.

ஆட்கள் எடுத்தால்தானே வம்பு! புதன்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் மேசையில் எவரும் இருக்க மாட்டார்கள் என்று பன்னிரண்டே முக்காலுக்கு எல்லாத் தொலைபேசியையும் ஒன்றாக அடிக்க வைத்தார். வேகவேகமாகச் சாப்பிட்டுவிட்டு, விளக்கை அணைத்து, மடக்குக் கட்டிலை விரித்து எல்லோரும் குட்டித் தூக்கம் போடும் நேரம் அதுதான் என்பது பதற்றத்தில் அவருக்கு மறந்தேபோனது.

முந்நூற்றுப் பத்து மணி. பதினொரு மாடி. இயக்குநர் சோஃபாவிலிருந்து உருண்டார். நிலநடுக்கம் என்று நினைத்து, கண்பட்டியை நெற்றியில் ஏற்றியபடி அத்தனை பேரும் படியிறங்கி ஓடினார்கள். வண்டி நிறுத்துமிடத்தில் காவலாளி தலை எண்ணிக்கொண்டிருந்தான்.

“என்ன ஆச்சுண்ணே?” என்று சிஹாவ் வெறுங்காலோடு கேட்டான்.

இயந்திரங்கள் அடம்பிடிக்காமல் ஓட அவற்றின் தலையில் ஒரு பச்சைநிறத் தின்பண்டப் பொட்டலத்தை வைப்பது அங்கே எல்லாப் பொறியாளருக்கும் வழக்கம். போயுவான் அதையே பிடித்துக்கொண்டார்.

“பொட்டலத்துல தேதி முடிஞ்சுபோச்சு. மெஷின் கோவிச்சுக்கிச்சு.”

“அடடா! அதை முதல்லயே பார்க்கக் கூடாதா?” என்றார் இயக்குநர். ஒருவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

வியாழக்கிழமை நிரலைத் திருத்தினார். மணியே அடிக்கக் கூடாது. தானாக எடுத்து, தானாக வைத்துவிட வேண்டும். எண்ணிக்கை குதித்து ஏறியது. நாற்காலியில் சாய்ந்து, வாரத்தில் முதல் தடவையாக மூச்சுவிட்டார். தானாக எடுக்கும்போது ஒலிபெருக்கியும் மைக்கும் தானாகத் திறந்துகொள்ளும் என்பது சிஹாவ் பக்கத்தில் வாயைத் திறந்தபிறகுதான் உறைத்தது.

“லியாவ் மேடம் ஒரு நாளைக்கு நாலு தடவை மீட்டிங் வைக்குது. வீட்ல பேச ஆளில்லை போல.”

“எனக்கு வீட்ல ஆள் இருக்கு, சிஹாவ்” என்றது அவன் மேசைத் தொலைபேசி.

சிஹாவின் தேநீர் விசைப்பலகைக்குள் போனது. போயுவான் சுவரோரம் இருந்த ஒயரைப் பிடுங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை. லியாவ் அறிக்கையைக் கண்ணாடி போட்டும் போடாமலும் பார்த்தார். போயுவானைவிட எட்டு வயது சின்னவர். ஆனால் அந்த மேசைக்கு எதிரே போயுவான் நாற்காலி நுனியில்தான் உட்காருவார்.

“முப்பத்தெட்டாயிரத்து அறுநூறா? நிஜமாவா?”

“ஆளுங்க பேச ஆரம்பிச்சுட்டாங்க மேடம்.”

“நேத்து என் ஃபோன் தானாவே பேசுச்சு.”

“பளு மேடம். தாங்க முடியாத பளு. பதினாறு வருஷ அனுபவத்தை வச்சுத்தான் இழுத்துப் பிடிச்சிருக்கேன்.”

“உங்களுக்குப் பதிலா வேற யாரையாவது போட்டா?”

“ஒரு மணி நேரம் தாங்காது. புதன்கிழமை பார்த்தீங்களே, கட்டடமே கீழே ஓடுச்சு!”

லியாவ் பெருமூச்சோடு அறிக்கையை மூடிவைத்தார்.

“சரி. ஃபோன் எல்லாம் இருக்கட்டும். நீங்களும் அதுகூடவே இருங்க. பரீட்சை எழுதிச் சான்றிதழைப் புதுப்பிச்சுக்கங்க.”

போயுவானுக்குக் கால் தரையில் படவில்லை. நடைக்கூடத்திலேயே மனைவியைக் கைப்பேசியில் கூப்பிட்டார்.

“யாச்சிங்! மதிப்பு இருக்கு! நான் இல்லாம முடியாதுன்னு மேடமே சொல்லிட்டாங்க!”

“அப்ப இன்னிக்கு ராத்திரியாவது உட்காருவீங்களா?”

மாலையில், மின்தூக்கியில் ஆளெடுப்புப் பிரிவு துவான் ஒரு பெயர்ப்பலகையை அணைத்தபடி நின்றாள். ‘குரல் இயந்திரப் பிரிவு – தலைவர்’ என்று பளபளத்தது. கீழே சிஹாவின் பெயர். பசை இன்னும் காயவில்லை.

“இதென்ன புதுப் பிரிவு? சிஹாவுக்கா?” என்று சிரித்தார் போயுவான். “அவனுக்குக் குரல்னா என்னன்னே தெரியாதே!”

“மெஷினைப் பேச வைக்கிற பிரிவு. அதனாலதான் அண்ணே, சான்றிதழ் இருக்கிற ஒரே ஆளுன்னு முதல்ல உங்க பேரைத்தான் போட்டிருந்தாங்க; ஃபோனெல்லாம் சும்மாதானே கிடக்கு, உங்களை அதுலேர்ந்து விடுவிச்சிடலாம்னு இயக்குநருக்குக் காட்டத்தான் மேடம் அந்த எண்ணிக்கையே கேட்டாங்க.”