தலைமை விருந்தினருக்குச் சால்வை போர்த்தும் முறை

அந்தமானின் போர்ட் பிளேரில் உள்ள ஓர் அரசுத் துறை, தன் ஊழியர்களின் தொப்பையைக் குறைப்பது என்று கொள்கை அளவில் முடிவு செய்தது. எல்லா நல்ல காரியங்களையும் போல இதுவும் பிரியாணிக்குப் பிறகு கூடிய கூட்டத்தில்தான் முடிவானது. மறுநாள் முதல் ஆளுக்கொரு ஷேக்கர் பாட்டில் மேசைமேல் வந்து நின்றது. டீக்குப் பதிலாகப் புரோட்டீன் பவுடர் கலக்கிக் குடித்தார்கள். வடையை மட்டும் நிறுத்தவில்லை, அதற்கு உத்தரவு வரவில்லை. ஒரு தொப்பையும் குறையாததால், ஊழியர்களுக்கு ஊக்கம் போதவில்லை என்று குறிப்பெழுதி, மெயின்லேண்டிலிருந்து ஒரு பாடிபில்டரை வரவழைத்து விழா எடுக்கத் தீர்மானித்தார்கள்.

வரப்போகிறவர் மதுரை அழகர்சாமி என்று கேட்டதும் தபால் பிரிவு எழுத்தர் ஈஸ்வரனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மின்னி பே பகுதியில் அவன் வீட்டுச் சுவரில் முருகன் படத்துக்கு அடுத்து அழகர்சாமி படம்தான். தோள் அகலம் என்பதால் அது முருகன் படத்தைவிடப் பெரிது. ஈஸ்வரனும் காலையும் மாலையும் எடை தூக்கி, அந்தத் துறையிலேயே சட்டைக் கைக்குள் ஏதோ இருக்கிற ஒரே ஆளாகியிருந்தான். வேலையை விட்டுவிட்டு மெயின்லேண்ட் போய் முழுமூச்சாக இதிலேயே இறங்கிவிட வேண்டும் என்பது அவன் ஆசை. கப்பல் வராமல் முட்டை யானை விலை விற்கிற நாளில்கூட முகம் சுளிக்காமல் அவித்துக் கொடுக்கிற மனைவி சந்திரமதி, இதற்கு மட்டும் மசியவில்லை. கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தாள்.

"அந்த அழகர்சாமியே பாத்து, இந்த உடம்பு தேறும்னு சொல்லட்டும். நானே பெட்டி கட்டித் தர்றேன். சொல்லலைன்னா பேசாம ஆபீஸ் போகணும்."

ஆக, ஒரு குடும்பத்தின் எதிர்காலம் அந்த விழாவை நம்பி நின்றது. துறைக்கு வந்த கவலையோ வேறு. இணை இயக்குநர் பக்தவத்சலம் ஈஸ்வரனைக் கூப்பிட்டு, தலைமை விருந்தினர் மேடையில் என்ன உடுத்துவார் என்று விசாரித்தார். ஈஸ்வரன் உள்ளதைச் சொன்னான்.

"ஜட்டியா? செக்ரட்டரி பக்கத்துலயா?"

"சார், அவர் தொழிலே அதுதான்."

"தொழில் அவரோடது. மேடை கவர்மென்டோடது. அரே பாய், சட்டையில்லாத ஆள் மேடையில உக்காரலாம்னு எந்த ரூல்ல இருக்கு?"

எதிலும் இல்லை. உட்காரக் கூடாது என்றும் எதிலும் இல்லை. விதி வாய் திறக்காத இடத்தில்தான் அதிகாரியின் அறிவு பிரகாசிக்கும். உடம்பைக் காட்டத்தான் அழைத்திருக்கிறோம், எனவே காட்டியாக வேண்டும். மேடையின் மாண்பும் காப்பாற்றப்பட வேண்டும், எனவே மூடியாக வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு வழியைப் பக்தவத்சலம் கண்டுபிடித்தார்: பிரிவுக்கு ஒரு பொன்னாடை, பதவி மூப்பு வரிசையில்.

விழா அன்று அழகர்சாமி, போட்டிக்குப் பூசுவது போலவே பழுப்புச் சாயமும் எண்ணெயும் பூசிக்கொண்டு மேடையேறினார். ஈஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் பார்த்தது அவ்வளவுதான். செக்ரட்டரி முதல் சால்வையைப் போர்த்தினார். கணக்குப் பிரிவு, கொள்முதல் பிரிவு, சட்டப் பிரிவு என்று வரிசையாக வந்தார்கள். பெரார்கஞ்ச் கிளையின் முறை வந்தபோது முன்பக்கம் எது என்று கேட்டுக்கொண்டுதான் போர்த்த வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. சால்வைக் குவியலுக்குள் ஒருவர் வெந்துகொண்டிருக்க, பக்தவத்சலம் உடலைப் பேணுவது பற்றிச் சிற்றுரை ஆற்றினார். சிற்றுரை எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதும் விதியில் இல்லை.

சால்வைகளை உரித்தபோது அழகர்சாமியின் சாயமெல்லாம் சால்வைக்குப் போயிருந்தது, சால்வையின் சாயமெல்லாம் அவருக்கு வந்திருந்தது. சிவப்பும் பச்சையுமாக நின்றவரைச் செக்ரட்டரி ஏற இறங்கப் பார்த்து, மெயின்லேண்டில் இதுதான் இப்போது ஃபேஷன் போலிருக்கிறது என்று பாராட்டினார். நேரமின்மை காரணமாக உடற்கட்டுக் காட்சி ரத்து செய்யப்பட்டு, நன்றியுரைக்குப் பின் சமோசா வழங்கப்பட்டது.

விருந்தினரைக் கெஸ்ட் ஹவுசில் கொண்டுபோய் விடும் பொறுப்பு ஈஸ்வரனுக்குக் கிடைத்தது. அவர் குளித்துவிட்டு வந்ததும் கதவைச் சாத்தினான், சட்டையைக் கழற்றினான், மூச்சை இழுத்துப் பிடித்து நின்றான். அழகர்சாமி அவனை உற்றுப் பார்த்தார். ஆனால் அவர் பார்வை தோளில் நிற்கவில்லை, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் நின்றது.

"தம்பி, வேலை பர்மனென்டா?"

"ஆமாண்ணே. என் உடம்பு..."

"பென்ஷன்?"

"இருக்குண்ணே, புது ஸ்கீம்தான்."

"எதுவா இருந்தா என்ன. ஊருக்குப் போக டிக்கெட்டும் அவங்களே குடுப்பாங்களாமே, சார்?"

தம்பி சார் ஆனதை ஈஸ்வரன் கவனித்தான். அழகர்சாமியோ தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். முட்டி இரண்டும் போய்விட்டது, பெண் கொடுக்க ஆளில்லை, போன வருஷம் முதல் பரிசாக மிக்ஸி கொடுத்தார்கள், வீட்டில் ஏற்கெனவே நாலு மிக்ஸி இருக்கிறது என்றார். ஈஸ்வரன் மூச்சை விட்டான், வயிறு தளர்ந்தது. கடைசியில் அழகர்சாமி அவன் தோளில் பயபக்தியோடு கைவைத்து ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார், அட்டை நன்றாகத் தெரியும்படி. கவர்மென்ட் ஆளோடு நின்ற படத்தை அம்மாவுக்கு அனுப்ப வேண்டுமாம்.

உடம்பைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை என்று ஈஸ்வரன் வீட்டில் ஒப்புக்கொண்டான். ஆனாலும் ஆசை விடவில்லை. உலகத்தில் அழகர்சாமி ஒருவர்தானா பாடிபில்டர் என்று சொல்லிக்கொண்டு எடை தூக்கினான். எதற்கும் இருக்கட்டும் என்று சந்திரமதி பெட்டியைக் கைக்கு எட்டாதபடி பரண்மேல் ஏற்றி வைத்தாள்.

சில மாதம் கழித்து அந்தத் துறையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அட்டெண்டர் வேலை விழுந்தது. அழகர்சாமியும் மனுப் போட்டார். மனுக்களைச் சரிபார்க்கும் பணி ஈஸ்வரனிடம் வந்தது. அவன் ஒவ்வொன்றாகப் பார்த்து, அழகர்சாமியின் மனுவைத் தள்ளுபடிப் பக்கம் வைத்தான். உடல் தகுதிச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை.

அன்று சாயங்காலம் ஈஸ்வரன் வீட்டில் இருந்தபோது அழகர்சாமி போன் செய்தார். நாடே பார்த்த உடம்புக்குச் சான்றிதழா, நீங்களே ஒரு வார்த்தை எழுதக் கூடாதா சார் என்று கெஞ்சினார்.

ஈஸ்வரன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

"இங்க பாருங்க, தகுதி இருக்கறது வேற, தகுதிக்குச் சான்று இருக்கறது வேற. நாளைக்கு எவனாவது கேட்டா நானில்ல பதில் சொல்லணும்? அடுத்த தடவை முறைப்படி வாங்க."

அடுப்படியில் இருந்த சந்திரமதி இதைக் கேட்டாள். இந்த மனுஷன் இனி மெயின்லேண்டுக்குப் போகமாட்டார் என்று அப்போதுதான் அவளுக்கு நிம்மதியானது.