ஆல்டோ அடுப்பு பற்றவைத்த ஞாயிறு

மனிதன் நெருப்பை எப்போது வசப்படுத்தினான் என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டிருக்கலாம். சென்ற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தெற்கு பிலடெல்பியாவில், எங்கள் வீட்டுச் சமையலறையில், என் கணவர் ஆல்டோ ஃபெரான்டி அவர்கள் தமது திருக்கரத்தால் அடுப்பைப் பற்றவைத்தபோதுதான் அது நடந்தது. நான் நேரில் பார்த்தேன். எந்தப் பக்கம் திருகினால் தீ வரும் என்று காட்டிக்கொடுத்ததும் நான்தான், ஆனால் வரலாற்றில் அதற்கெல்லாம் இடம் கிடையாது.

இந்த மகத்தான நிகழ்ச்சிக்கு மூலகாரணம் எங்கள் வாசற்படியில் உறைந்திருந்த பனி. குப்பைப் பையோடு இறங்கியவள் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. "கை கூடுற வரைக்கும் அடுப்புப் பக்கமே போகக்கூடாது" என்றார் டாக்டர். அப்போது என் கணவரின் முகத்தில் தெரிந்த வேதனையை என்னால் மறக்கவே முடியாது.

"அப்ப சாப்பாட்டுக்கு?" என்று அவர் டாக்டரையே கேட்டார்.

வீடு திரும்பும் வழியில் அவருக்கு ஞானோதயம் ஆயிற்று. "டெனீஸ், கவலைப்படாத. ஞாயித்துக்கெழமை நானே சீஸ் ஸ்டேக் பண்றேன். வீட்லயே."

"ரெண்டு தெரு தள்ளி கடை இருக்கே ஆல்டோ. வாங்கிட்டு வந்துரலாமே?"

"கடையில எவன் வேணா வாங்குவான். உனக்காக என் கையால பண்றேன்றேன், நீ கடைங்குற."

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்கு ஆசை வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து எல்லாருக்கும் பரிமாறி முடித்துவிட்டு, ஆறிப்போனதைத் தின்கிறவள் நான். மெல்லிசாகச் சீவிய மாட்டுக்கறி, மேலே உருகி வழியும் சீஸ், நீள ரொட்டி. அதை ஒருவர் எனக்காகச் சமைத்து, சூடு ஆறுவதற்குள் என் கையில் கொடுத்தால் எப்படி இருக்கும்? ஞாயிறு காலை வெறும் காப்பியோடு நிறுத்திக்கொண்டேன். பசியைச் சிந்தாமல் சிதறாமல் சேர்த்துவைத்தேன்.

சனிக்கிழமையே எங்கள் முன்னறையில் பூர்வாங்க ஆலோசனைக் கூட்டம் கூடியது. என் கணவர் தலைமை தாங்கினார். அவருடைய தம்பி நுன்ஸியோ, பாலத்தைத் தாண்டி நியூ ஜெர்சியிலிருந்து வந்து கலந்துகொண்டார். பக்கத்து வீட்டு மெக்கிளின்சி, எங்கள் வீட்டில் பீர் இருப்பதை முன்னிட்டுக் கலந்துகொண்டார். முதல் விவாதப் பொருள், எந்த சீஸ்.

"அமெரிக்கன்தான். அதுதான் ஒழுங்கா உருகும்" என்றார் நுன்ஸியோ.

"ஆத்தத் தாண்டிப் போனவனுக்கு ஓட்டு கெடையாது. ப்ரோவலோன்" என்றார் என் கணவர்.

"ஜெர்சிக்குப் போனா நாக்கு செத்துருமாண்ணே?"

"நாக்கு சாகாது. வெக்கம் செத்துரும்."

"டப்பா சீஸக் காச்சி ஊத்தலாமே" என்றார் மெக்கிளின்சி. சகோதரர்கள் இருவரும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். கூட்டம் சிறிது நேரம் ஒத்திவைக்கப்பட்டது. மீண்டும் கூடியபோது, மூன்றையும் வாங்குவது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அடுத்துப் பொறுப்புகள் பகிர்ந்தளிக்கப்பட்டன. தலைமைச் சமையல் ஆல்டோ. ரொட்டிக்கு நுன்ஸியோ. மெக்கிளின்சிக்கு 'மேற்பார்வை'. கை உடைந்தவள் என்பதால் எனக்கு இலகுவான வேலைதான் ஒதுக்கினார்கள், அதாவது மற்றதெல்லாம்.

கறியைப் பாதி உறையவைத்தால்தான் மெல்லிசாகச் சீவ வரும் என்பது விதி. ஞாயிறன்று காலையில் என் கணவர் அதை உறைபெட்டியில் வைத்தார். டிவியில் நம்ம ஊர் அணி ஆடிக்கொண்டிருந்தது. அணி தோற்று, அந்தத் துக்கம் ஓரளவு தணிந்து, அவர் உறைபெட்டியைத் திறந்தபோது கறி கல்லாகிவிட்டிருந்தது.

"கறியக் கல்லாக்கிட்டியே ஆல்டோ!"

"கல்லு இல்லடீ. பதம். பதம் கொஞ்சம் தாண்டிடிச்சு, அவ்ளோதான்."

மெக்கிளின்சி 'மேற்பார்வை'யை முன்னிட்டுத் தன் வீட்டுக்குப் போய், ஜன்னல் சட்டம் அறுக்கிற ரம்பத்தைக் கொண்டுவந்தார்.

"கழுவினதா?" என்று கேட்டேன்.

"ஜன்னல் மாட்டறப்ப கழுவினேன்" என்றார். அவர் வீட்டு ஜன்னலுக்கும் என் கல்யாணத்துக்கும் ஒரே வயசு. நான் ரம்பத்தைப் பிடுங்கி, ஒற்றைக் கையால் தேய்த்துக் கழுவிக் கொடுத்தேன். இருவரும் மாறி மாறி அறுத்தார்கள். கறித்தூள் கூரைவரைக்கும் பறந்தது. அதை என் கணவர் 'சீவல்' என்று அழைத்தார்.

நுன்ஸியோவின் ரொட்டி வந்து சேர்ந்தது. என் கணவர் பையைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"எங்க வாங்கின?"

"எங்க வீட்டாண்ட" என்றார் நுன்ஸியோ.

"அந்தக் கரைத் தண்ணியில பெசஞ்ச மாவா?"

"ரெண்டு கரைக்கும் ஒரே ஆறுதானேண்ணே!"

"ஆறு ஒண்ணுதான். மாவுக்குத் தெரியும்டா, எந்தக் கரைன்னு." ரொட்டிப் பையை வெளியே வாசற்படியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினார். நம்ம பேக்கரி ரொட்டி வாங்கிவர மெக்கிளின்சி அனுப்பப்பட்டார். அவர் போகும்போதும் வரும்போதும் எதிர்ப்பட்ட எல்லாரிடமும் சேதியைச் சொல்லியிருக்கிறார். ரொட்டி வந்து சேர்ந்தபோது கூடவே தெருவும் வந்துவிட்டது.

கூட்டத்தைப் பார்த்ததும் என் கணவருக்கு உற்சாகம் பொங்கியது. இரண்டு இரும்புக் கரண்டிகளால் வாணலியில் டங்கு டங்கென்று தட்டினார். புகை எழும்பி, அபாய மணி அலறியது. அதைக் கைதட்டல் என்றே எடுத்துக்கொண்டார். பிறகு என் இஸ்திரிப் பலகையைத் தூக்கிவந்து சமையலறை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தி, அதன் பின்னால் நின்றுகொண்டார்.

"எல்லாரும் வரிசையில வாங்க! வரிசை இல்லன்னா அது சீஸ் ஸ்டேக்கே இல்ல, வெறும் கறி ரொட்டி!"

எங்கள் ஊர்க் கடைகளில் ஆர்டர் சொல்லும் முறை கோயில் மந்திரம் மாதிரி, ஒரு சொல் பிசகக்கூடாது. முதலில் சீஸின் பெயர். அப்புறம் வெங்காயம் வேண்டுமானால் 'ஓட', வேண்டாமானால் 'இல்லாம'. தயவுசெய்து என்றோ சௌக்கியமா என்றோ ஆரம்பித்தால் வரிசையின் கடைசிக்குத் துரத்துவார்கள். இந்த உயர்ந்த மரபை என் கணவர் அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்தார். வரிசை சாப்பாட்டு மேஜையைச் சுற்றி, முன்னறையைக் கடந்து, வாசற்படி வரை நீண்டது. எல்லாருக்கும் தட்டு எடுத்துக் கொடுத்துவிட்டு நானும் போய் நின்றேன்.

வாசனை ஆளைக் கொன்றது. என் முறை வந்தது.

"ஆல்டோ கண்ணு, ரொம்பப் பசிக்குதுப்பா. ஒண்ணு குடேன்."

அவர் கரண்டியை உயர்த்தினார். "மொறை தெரியாதா? பின்னால போ!"

"நான் உன் பொண்டாட்டிடா!"

"பொண்டாட்டின்னு சலுகை குடுத்தா நாளைக்கு ஊர் என்ன பேசும்?"

ஊர் ஆமோதித்தது. என் கணவரின் நேர்மையை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. போய்ப் பின்னால் நின்றேன்.

இரண்டாவது முறை தப்பு செய்யவில்லை. "அமெரிக்கன் ஓட" என்றேன், ராணுவ வீரனைப்போல.

"சபாஷ்! ஆனா வெங்காயம் தீந்துபோச்சே. உள்ள வந்து ரெண்டு உரிச்சுக் குடுத்துடு."

பலகைக்கு அடியில் குனிந்து உள்ளே போனேன். மாவுக்கட்டால் வெங்காயத்தை அழுத்திப் பிடித்து இடது கையால் உரித்தேன், நறுக்கினேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதில் வெங்காயத்தின் பங்கு பாதிதான். நறுக்கி முடித்து வெளியே வந்தால், என் இடத்தில் நுன்ஸியோ நிற்கிறார், இரண்டாவது சுற்றுக்கு.

"அது என் எடம்" என்றேன்.

"வரிசைய விட்டுப் போனா எடம் போச்சு அண்ணி" என்றார் அவர், மிகுந்த மரியாதையோடு. எனக்கு ஓடத்தான் தோன்றியது. ஆனாலும் நின்றேன்.

மூன்றாவது முறை நான் பலகையை எட்டியபோது, பின்னால் யாரும் இல்லை. வாணலியிலும் எதுவும் இல்லை. என் கணவர் ஸ்டூலில் உட்கார்ந்து கடைசி சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டிருந்தார். சீஸ் அவர் உதட்டிலிருந்து நூலாக இழுத்தது.

"கடை சாத்தியாச்சு" என்றார், வாய் நிறைய. "சமைச்சவன் சாப்பிட வேணாமா? நீ மொதல்லயே மொறையாக் கேட்டிருக்கலாம்."

முன்னறையில் எல்லாரும் கைதட்டினார்கள். மெக்கிளின்சி, இந்தத் தெருவில் இதுவரை எந்த ஆம்பிளையும் செய்யாத காரியம் என்று வாழ்த்துரை வழங்கினார். என் கணவர் எழுந்து நன்றியுரை ஆற்றினார். எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் செய்ததாகவும், மனைவியின் கை உடைந்திருக்கும்போது கணவன் இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்றும் சொல்லிவிட்டு, உதட்டிலிருந்த சீஸைத் துடைத்துக்கொண்டார். வாணலியும் கரண்டிகளும் கரியாகக் குவிந்திருந்த தொட்டியை நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"ஐயோ, இப்ப அதத் தொடாத!" என்று பதறினார். "ஊறட்டும். உன் கை சரியானதும் கழுவிக்கலாம்."

இப்படிப்பட்ட தங்கமான மனிதர் யாருக்கு வாய்ப்பார்? கோட்டை எடுத்து மாவுக்கட்டின்மேல் போர்த்திக்கொண்டேன். பனியில் பார்த்துப் பார்த்து அடி வைத்து, இரண்டு தெரு தள்ளி மூலைக்கடைக்குப் போனேன். குளிரில் வரிசை நின்றது. நானும் நின்றேன். இது பழகிப்போயிருந்தது.

ஜன்னலுக்குள்ளிருந்து கடைக்கார லெனி எட்டிப் பார்த்தான். என் கணவரின் பள்ளித் தோழன்.

"என்ன டெனீஸ், ஆல்டோ வீட்லயே கடை போட்டுட்டானாமே! என் வியாபாரமே படுத்துருச்சு. எப்படி இருந்துச்சு?"

"தெருவக் கேளு லெனி. தெருதான் சாப்பிட்டுச்சு."

அவன் சிரிக்க வாய் திறந்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். கல்லில் கறியைப் போட்டான். அது சொய்யென்று சத்தமிட்டது.

"என்ன சீஸ்?"

"அமெரிக்கன்."

"ஓடவா, இல்லாமயா?"

"வெங்காயத்தோட" என்றேன். "புருசன் இல்லாம."